வாசலில் தண்ணீர் நிற்கிறதா? நீர் வடியும் கல்தளமும் எமது நலமும்

இம்முறை நலவாழ்வுப் பக்கத்தில் நீரிழிவு, இரத்த அழுத்தம், கொலஸ்ட்ரோல் பற்றி எழுதப் போவதில்லை. வீட்டு வாசலில் கார் விடுவதற்காக நாம் பதித்து வைத்திருக்கும் கல்லைப் பற்றி எழுதுகிறோம். வைத்தியருக்கும் வாசல் கல்லுக்கும் என்ன சம்பந்தம் என்று சிலர் கேட்கலாம். குளிர்காலத்தில் சறுக்கி விழுந்து எம்மிடம் வரும் முதியவர்களிடம் "எங்கே விழுந்தீர்கள்?" என்று கேட்டால் "எங்கட வாசலிலைதான் தம்பி, காரடியிலை" என்று சொல்பவர்கள் பலர். வீதியிலும் பனியிலும் விழுந்தவர்களைப் போலவே, சொந்த வாசலில் பாசி பிடித்த ஈரக் கல்லில் விழுந்தவர்களும் எம்மிடம் வருகிறார்கள்.

அந்த வாசலில் தண்ணீர் நிற்காமல் இருக்க வழி உண்டு. ஆண்டுக்கு இரண்டு தடவை செய்யும் சிறு வேலை அது. ஆனால் அந்த வேலையைப் பிழையாகச் செய்தால் கல்லும் கெடும், செய்பவருக்கும் ஆபத்து. ஆகவே இரண்டையும் சேர்த்தே சொல்கிறோம்.

தண்ணீர் ஏன் போக இடமில்லாமல் நிற்கிறது?

ஊரில் எமது வீடுகளின் முன்னால் இருந்தது மணல் முற்றம். யாழ்ப்பாணக் குடாநாட்டின் அடியில் இருப்பது சுண்ணாம்புக்கல். முற்றத்திலும் தோட்டத்திலும் விழுந்த மழைதான் அதனூடாக இறங்கிக் கிணற்றுத் தண்ணீர் ஆனது. முற்றத்தைக் காலையில் கூட்டினோமே தவிர, அதை யாரும் சீமெந்து போட்டு மூடவில்லை.

இங்கே வந்தபின் நிலைமை வேறு. ஹரோ, வெம்பிளி, ஈஸ்ட்ஹாம், ரூற்றிங், குரொய்டன் என்று எம்மவர்கள் வாழும் பகுதிகளில் ஒரு வீட்டுக்கு இரண்டு மூன்று கார்கள். முன்பக்கத்துப் புல்லையும் பூஞ்செடியையும் எடுத்துவிட்டுக் கல் பதிக்கிறோம். இது எம்மவர் மட்டும் செய்வதல்ல. லண்டன் அசெம்பிளி 2005ஆம் ஆண்டிலேயே இதைப்பற்றி ஓர் அறிக்கை வெளியிட்டது. லண்டன் வீடுகளின் முன் தோட்டங்களில் ஏறக்குறைய 32 சதுர கிலோமீற்றர் பரப்பு கல்லாலும் சீமெந்தாலும் மூடப்பட்டுவிட்டதாக அதில் கூறப்பட்டது.

ஒரு சிறிய கணக்குப் பார்ப்போம். இரண்டு கார்கள் நிற்கும் வாசல் சுமார் 25 சதுர மீற்றர். ஒரு பெருமழையில் 25 மில்லிமீற்றர் நீர் விழுந்தால், அந்த வாசலில் மட்டும் 625 லீற்றர் தண்ணீர். கவுன்சில் தரும் 240 லீற்றர்க் குப்பை வாளிகள் இரண்டரைக்கு மேல் நிரம்பும். வீதியில் இருக்கும் எல்லா வீடுகளும் இப்படி ஒரே நேரத்தில் தண்ணீரைத் தெருவுக்கு அனுப்பினால் என்ன நடக்கும்?

லண்டனின் பழைய பகுதிகளில் மழைநீரும் மலசலகூடக் கழிவும் ஒரே குழாயில்தான் போகின்றன. குழாய் நிரம்பினால் அந்தக் கலவை தாழ்வான வீடுகளின் கழிவறை வழியாகத் திரும்பி வரும். 2021ஆம் ஆண்டு ஜூலை 12ஆம் திகதியும் 25ஆம் திகதியும் லண்டனில் கொட்டிய மழையில் வீடுகளும் சுரங்க ரயில் நிலையங்களும் வெள்ளத்தில் அகப்பட்டதைப் பலர் மறந்திருக்க மாட்டீர்கள். 25ஆம் திகதி நியூஹாம், விப்ஸ் குரொஸ் ஆகிய இரு வைத்தியசாலைகளுக்குள்ளும் வெள்ளம் புகுந்தது. அவசர சிகிச்சைக்கு வேறு இடங்களுக்குப் போகும்படி மக்களிடம் கேட்க வேண்டி வந்தது. தேம்ஸ் நதியை ஒட்டி 25 கிலோமீற்றர் நீளத்தில் கட்டப்பட்ட பெரிய கழிவுநீர்ச் சுரங்கம் 2025இல் முழுமையாக இணைக்கப்பட்டது. அது நதிக்குள் கழிவு கலப்பதைக் குறைக்கும். எமது தெருவில் தேங்கும் தண்ணீருக்கு அது மருந்தல்ல.

சட்டம் என்ன சொல்கிறது?

2007ஆம் ஆண்டு கோடைகால வெள்ளத்துக்குப் பின் இங்கிலாந்தில் விதி மாற்றப்பட்டது. 2008 ஒக்ரோபர் 1ஆம் திகதி முதல், வீட்டின் முன்பக்கத்தில் 5 சதுர மீற்றருக்கு மேல் தண்ணீர் இறங்காத தளம் போட்டு, அந்த நீரைத் தெருவுக்கு விடுவதானால் திட்ட அனுமதி பெறவேண்டும். தண்ணீர் வடியும் தளம் போட்டாலோ, மழைநீரைச் சொந்தப் புல்தரைக்கோ பாத்திக்கோ திருப்பிவிட்டாலோ அந்த அனுமதி தேவையில்லை. நடைபாதை விளிம்பைத் தாழ்த்தி கார் ஏற வழி செய்வதற்குக் கவுன்சிலிடம் தனியாக அனுமதி எடுக்க வேண்டும். ஸ்கொட்லாந்திலும் வேல்ஸிலும் விதிகள் சற்று வேறுபடும்.

இதனால் எம்மவர் பலரின் வாசலில் இப்போது நீர் வடியும் கல்தளம் இருக்கிறது. சிலருக்கு அது இருப்பதே தெரியாது. வீடு வாங்கும்போது கூடவே வந்திருக்கும்.

உங்கள் தளம் எந்த வகை?

சாதாரண கல்தளத்தில் கற்கள் நெருக்கமாக இருக்கும். இடுக்கு 2, 3 மில்லிமீற்றர்தான். அதற்குள் மெல்லிய மணல் இருக்கும். நீர் வடியும் கல்தளத்தில் இடுக்கு அதைவிட அகலம், அல்லது கல்லின் ஓரங்களில் வெட்டு இருக்கும். அந்த இடைவெளியில் மணலுக்குப் பதிலாக 2 முதல் 6 மில்லிமீற்றர் வரையான குறுணிக்கல் இருக்கும். விரலால் கிளறிப் பாருங்கள். மாவுபோல ஒட்டாமல் கல்லாகக் கையில் வரவேண்டும்.

தண்ணீர் கல்லினூடாகப் போவதில்லை, இந்த இடுக்கினூடாகத்தான் போகிறது. அடியில் தூசி இல்லாத பெரிய சல்லி நிரப்பப்பட்டிருக்கும். அந்தச் சல்லிகளுக்கு இடையில் ஏறக்குறைய 30 வீதம் வெற்றிடம். 25 சதுர மீற்றர் வாசலின் கீழே 20 சென்ரிமீற்றர் ஆழத்துக்குச் சல்லி இருந்தால் 1,500 லீற்றர் நீர் அதற்குள் தங்கும். மேலே சொன்ன 625 லீற்றரை அது தாராளமாக ஏற்கும். பின்னர் நீர் மெதுவாக மண்ணுக்குள் இறங்கும். லண்டனின் களிமண் நிலத்தில் அது எளிதாக இறங்காது என்பதால், அடியில் துளைக்குழாய் வைத்து, மழை விட்டபின் சிறிது சிறிதாக வடிகாலுக்கு விடுவதும் உண்டு.

கல்லுக்குப் பதிலாக ரெசின் கலந்த குறுணிக்கல் தளம் போடுபவர்கள் ஒரு விடயத்தைக் கவனிக்க வேண்டும். 'ரெசின் பவுண்ட்' என்பதும் 'ரெசின் பொண்டெட்' என்பதும் காதுக்கு ஒன்றுபோலக் கேட்கும். முதலாவதில் குறுணியும் ரெசினும் சேர்த்துக் குழைக்கப்படுவதால் இடையில் துளைகள் இருக்கும். அடித்தளமும் நீர் வடிவதாக இருந்தால் தண்ணீர் இறங்கும். இரண்டாவதில் ரெசினைப் பூசி அதன்மேல் குறுணியைத் தூவுவார்கள். அதில் ஒரு சொட்டும் இறங்காது. விலைப்பத்திரத்தில் எது எழுதப்பட்டிருக்கிறது என்று வாசித்துப் பார்த்துக் கையெழுத்திடுங்கள்.

நல்ல தளம் எப்படி அடைபடுகிறது?

புதிதாகப் போட்ட தளம் எந்த மழையையும் விழுங்கும். காலம் செல்லச் செல்ல இலைச் சருகு, மண், சக்கரத் தூசி, பாசி எல்லாம் இடுக்குகளில் படிகின்றன. நல்ல செய்தி என்னவென்றால், இந்த அழுக்கில் பெரும்பகுதி இடுக்கின் மேல் 2, 3 சென்ரிமீற்றரிலேயே தங்கிவிடுகிறது. அதை நேரத்துக்கு எடுத்துவிட்டால் தளம் பல ஆண்டுகள் உழைக்கும். விட்டுவிட்டால் அது சாதாரண சீமெந்துத் தரையாக மாறிவிடும்.

கவனிக்காமல் விடுவதைவிடக் கெடுதல் செய்வது, தெரியாமல் கவனிப்பது. எழுபது வயது தாண்டிய ஓர் அம்மா எம்மிடம் வருபவர். மகன் வீட்டு வாசலில் நீர் வடியும் கல்தான் பதித்திருந்தது. கோடையில் வீடு வீடாக வந்து கல் கழுவும் கொந்தராத்துக்காரர் ஒருவர், பிரஷர் வொஷரால் அடித்துக் கழுவிவிட்டு, இடுக்கெல்லாம் மென்மணலைக் கூட்டி நிரப்பிவிட்டுப் போனார். பார்வைக்குப் புதுக்கல் போல இருந்தது. எல்லோருக்கும் சந்தோசம். ஒக்ரோபர் மழைக்கு முதல்முறையாக வாசலில் தண்ணீர் நின்றது. நின்ற இடத்தில் பச்சைப் பாசி படர்ந்தது. நவம்பரில் ஒரு காலை, குப்பை வாளியைத் தெருவோரம் இழுத்துச் சென்ற அம்மா சறுக்கி விழுந்தார். இடுப்பு மூட்டு எலும்பு முறிந்தது. சத்திரசிகிச்சை நன்றாக நடந்தது. ஆனால் அன்றுவரை தனியே பஸ் ஏறிக் கோயிலுக்குப் போய்வந்தவர், இன்று தடியோடு வீட்டுக்குள் மட்டும் நடக்கிறார்.

இடுப்பு எலும்பு முறிவைச் சிறிய விடயமாக எண்ண வேண்டாம். இந்த நாட்டில் அப்படி முறிவு ஏற்படும் முதியவர்களில் ஏறக்குறைய நான்கில் ஒருவர் ஓராண்டுக்குள் இறந்துவிடுகிறார். எம்மவர்களுக்கு ஆபத்து மேலும் ஒரு படி அதிகம். வெயில் குறைந்த நாட்டில் எமது தோல் போதிய விற்றமின் டி உருவாக்குவதில்லை. எலும்பு பலவீனமடைகிறது. நீரிழிவால் பாதத்தில் உணர்வு குறைந்தவருக்குத் தரை வழுக்குவது காலில் தெரிவதில்லை. இதோடு வீட்டுச் செருப்பைப் போட்டுக்கொண்டே வாசலுக்கு இறங்கும் பழக்கமும் சேர்ந்துகொள்கிறது.

ஆண்டுக்கு இரு தடவை செய்ய வேண்டியது

1. இலையுதிர்ந்து முடியும் நவம்பர் கடைசியில் ஒரு தடவை, மார்ச் அல்லது ஏப்ரலில் ஒரு தடவை. தளம் காய்ந்திருக்கும் நாளாகப் பார்த்துச் செய்யுங்கள். மரத்தின் கீழே உள்ள வாசலானால் இலை விழும் காலத்தில் வாரம் ஒரு முறை சருகை அள்ளுங்கள். சருகு அழுகி மண்ணாகும் முன் அகற்றினால் பாதி வேலை முடிந்தது.

2. கடினமான நார் உள்ள தும்புத்தடியால் இடுக்குகளுக்குக் குறுக்காகக் கூட்டுங்கள். கூட்டியதை வீதி வடிகாலுக்குள் தள்ளாமல் அள்ளித் தோட்டக் கழிவு வாளியில் போடுங்கள். வசதி இருந்தால் ஈரமும் தூசியும் இழுக்கும் வக்யூம் கருவியால் மேல் அழுக்கை உறிஞ்சலாம். குறுணிக்கல்லும் சிறிது சேர்ந்து வரும். அதில் தவறில்லை.

3. இடுக்கில் குறுணி குறைந்திருந்தால் 2 முதல் 6 மில்லிமீற்றர் வரையான, கழுவிய குறுணிக்கல் வாங்கி நிரப்புங்கள். நீர் வடியும் கல்தளத்துக்கானது என்று கேட்டு வாங்க வேண்டும். மணல் வேண்டவே வேண்டாம்.

4. புல் பூண்டைச் சிறிதாக இருக்கும்போதே கையால் பிடுங்குங்கள். பாசியைக் காய்ந்த நாளில் தேய்த்துக் கூட்டுங்கள்.

5. அடியில் குழாய் வைத்த தளமானால், அதன் சோதனைக் குழியின் மூடியை ஆண்டுக்கு ஒரு முறை திறந்து, சேறு அடைத்திருக்கிறதா என்று பாருங்கள்.

6. நல்ல மழை பெய்யும்போது யன்னலால் வாசலைப் பாருங்கள். இதைவிடச் சிறந்த பரிசோதனை இல்லை. ஓரிடத்தில் மட்டும் தண்ணீர் நின்றால் அந்த இடத்தின் இடுக்கில் மேல் 2, 3 சென்ரிமீற்றரைச் சுரண்டி எடுத்துப் புதுக் குறுணி இடுங்கள். மழை விட்டு ஒரு மணி நேரத்தின் பின்னும் வாசல் முழுவதும் தண்ணீர் நின்றால், இவ்வகைத் தளம் தெரிந்தவரை அழைக்க வேண்டிய நேரம் வந்துவிட்டது.

கோயில்கள், மண்டபங்கள், தமிழ்ப் பாடசாலைகளின் கார்த் தரிப்பிடங்கள் இப்படியான தளமாக இருந்தால், தும்புத்தடி போதாது. வீதி கூட்டும் உறிஞ்சு இயந்திரத்தை அமர்த்த வேண்டும். நிர்வாக சபைகள் இதை ஆண்டுச் செலவுக் கணக்கில் சேர்த்துக்கொள்வது நல்லது.

செய்யக்கூடாதவை

• தளத்தின்மேல் சீமெந்து குழைப்பது, மண், மணல், மரத்தூள் கொட்டி வைப்பது. ஒரு நாள் கொட்டி வைத்தாலும் இடுக்கு அடைந்துவிடும். தவிர்க்க முடியாவிட்டால் தடித்த விரிப்பின்மேல் கொட்டுங்கள்.

• பக்கத்துப் பூம்பாத்தியின் மண் கல்லைவிட உயரமாக இருப்பது. மழைக்கு மண் வழிந்து கல்லுக்கு வரும். பாத்தியைத் தாழ்த்துங்கள்.

• பளபளப்புக்காக 'சீலர்' பூசுவது. இடுக்கையும் சேர்த்து மூடிவிட்டால் காசு கொடுத்து வாங்கிய துளைகளைக் காசு கொடுத்தே அடைத்ததாகும்.

• குளிர்காலத்தில் மண்ணிற உப்பைக் கொட்டுவது. அதில் களிமண் கலந்திருக்கும். தேவையென்றால் வெள்ளை உப்பைச் சிறிதளவு தூவுங்கள். தண்ணீர் தேங்காத தளத்தில் உறைபனித் தகடும் குறைவாகவே உருவாகும்.

• களைநாசினி, எண்ணெய், பெயின்ற் கழுவிய நீர் ஆகியவற்றை ஊற்றுவது. இங்கே விழுவது நேரே நிலத்துக்குள் போகிறது. கார் எண்ணெய் சிந்தினால் பூனைக்குப் போடும் மண்ணை அதன்மேல் இட்டு உறிஞ்ச வைத்து முழுவதையும் அள்ளி எடுங்கள்.

கழுவும்போது உங்கள் பாதுகாப்பு

பிரஷர் வொஷர்: இவ்வகைத் தளத்துக்கு இது பெரும்பாலும் தேவையில்லை. நேராகப் பிடித்து அடித்தால் குறுணி வெளியே பறக்கும், அழுக்கு ஆழத்துக்குப் போகும். பாவித்தே ஆக வேண்டுமானால் குறைந்த அழுத்தத்தில், சரிவாகப் பிடித்து, பின்னர் குறுணியை மீண்டும் நிரப்புங்கள். வீட்டுப் பாவனைக் கருவிகளே 100 பாருக்கு மேற்பட்ட அழுத்தம் தருபவை. அது கார்ச் சக்கரத்தில் உள்ள காற்றின் அழுத்தத்தைப்போல் 40 மடங்கு. வெறுங்காலுடனோ செருப்புடனோ நின்று இதை இயக்காதீர்கள். மூடிய சப்பாத்து, கண்ணாடி, கையுறை அவசியம்.

அந்த நீர்த்தாரை கையிலோ காலிலோ பட்டுத் தோலைத் துளைத்தால், வெளியே ஊசி குத்தியது போலச் சிறு புள்ளிதான் தெரியும். வலியும் முதலில் குறைவாக இருக்கலாம். உள்ளே நீரும் அழுக்கும் வெகுதூரம் பரவியிருக்கும். இது அவசர சத்திரசிகிச்சை தேவைப்படும் காயம். பிளாஸ்டர் ஒட்டிவிட்டு நாளை பார்ப்போம் என்று இருக்காதீர்கள். உடனே வைத்தியசாலையின் அவசரப் பிரிவுக்குச் சென்று, பிரஷர் வொஷர் பட்டது என்று தெளிவாகச் சொல்லுங்கள்.

பெற்றோலில் இயங்கும் வொஷரைக் கராஜுக்குள் வைத்து இயக்க வேண்டாம். மணமில்லாத கார்பன் மொனொக்சைட் வாயு ஆளை மயக்கி உயிரைப் பறிக்கும்.

பிளீச்சும் அமிலமும்: பாசிக்குப் பிளீச், சீமெந்துக் கறைக்கு 'பிரிக் கிளீனர்' என்று இரண்டையும் ஒரே நாளில் ஊற்றுபவர்கள் இருக்கிறார்கள். பிரிக் கிளீனர்களில் பொதுவாக ஹைட்ரோகுளோரிக் அமிலம் இருக்கும். அது பிளீச்சோடு சேர்ந்தால் குளோரின் வாயு வெளிவரும். நுரையீரலைத் தாக்கும் நச்சு வாயு அது. ஆஸ்துமா உள்ளவர்களுக்கு மிகவும் ஆபத்தானது. ஒருபோதும் கலக்காதீர்கள். தவறிக் கலந்து மூச்சுத் திணறினால் திறந்த வெளிக்கு விலகிச் சென்று 999ஐ அழையுங்கள்.

தூசி: காய்ந்த சருகுத் தூசியில் பூஞ்சணம் இருக்கும். ஆஸ்துமா உள்ளவர் எஃப்எஃப்பி2 வகை முகக்கவசம் அணியுங்கள். கல்லை உலர்வாக வெட்டும் இடத்தில் பிள்ளைகளை நிற்க விடாதீர்கள். அந்தத் தூசியில் உள்ள சிலிக்கா நுரையீரலுக்குக் கேடு. கல்லுக்கு நீர் விட்டு வெட்டும்படி வேலையாட்களிடம் கேளுங்கள்.

வெள்ளம் வந்துவிட்டால்

வாசலுக்கோ வீட்டுக்கோ வெள்ளம் வந்தால் அது வெறும் மழைநீர் அல்ல, கழிவுநீரும் கலந்தது என்றே எண்ணுங்கள். முழங்கால் வரையான பூட்ஸ், கையுறை அணியாமல் இறங்க வேண்டாம். நீரிழிவு உள்ளவர்கள் இறங்காமல் இருப்பதே நல்லது. பின்னர் பாதங்களைக் கழுவித் துடைத்து, விரல் இடுக்குகளிலும் காயம் உண்டா என்று பாருங்கள். காயம்பட்டால் ஏற்புவலித் தடுப்பூசி பற்றி விசாரியுங்கள். இந்நாட்டு முறைப்படி முழுப் பாதுகாப்புக்கு ஐந்து ஊசிகள். யுத்த காலத்தில் இடம்பெயர்ந்து வந்த எம்மில் பலரிடம் தடுப்பூசி அட்டை இல்லை. எத்தனை போட்டோம் என்பதும் நினைவில்லை. அப்படியானவர்கள் காயம் வரும்வரை காத்திராமல் குடும்ப வைத்தியரிடம் இப்போதே கேட்பது நல்லது.

வாசலில் சில நாள் நிற்கும் தண்ணீரால் டெங்கு வந்துவிடுமோ என்று சிலர் கேட்பதுண்டு. அந்த நுளம்பு இந்நாட்டில் குடிகொள்ளவில்லை. இங்கே வாசல் தண்ணீரால் வரும் முதல் ஆபத்து சறுக்கல்தான். அதைத் தடுக்கத் தும்புத்தடியும் ஓர் அரை மணி நேரமும் போதும்.

பிள்ளைகளுக்கு ஒரு வேண்டுகோள். இந்த வேலையை அம்மா, அப்பாவிடம் விடாமல் நீங்களே செய்யுங்கள். நவம்பர் முடிவதற்குள் ஒரு சனிக்கிழமையை அதற்கென ஒதுக்குங்கள். அன்றே அவர்களது வாசல் செருப்பின் அடியைத் திருப்பிப் பாருங்கள். தேய்ந்திருந்தால் புதியது வாங்கிக் கொடுங்கள். ஓராண்டில் ஒரு தடவையேனும் விழுந்த பெற்றோர் வீட்டில் இருந்தால், அடிபடவில்லை என்றாலும் குடும்ப வைத்தியரிடம் அழைத்துச் சென்று எலும்பு, பார்வை, பாத உணர்வு, மாத்திரைகள் ஆகியவற்றைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.